காணாமல் போனவரைத் தேடும் துப்பறியும் நாவல்: ராஸ் மெக்டொனால்டின் 'தி கால்ட்டன் கேஸ்'

நூலகத்து மாடி:

அனைவருக்கும் வணக்கம். ராஸ் மெக்டொனால்ட் எழுதி 1959இல் வெளிவந்த 'தி கால்ட்டன் கேஸ்' நாவலை மூன்றாவது முறையாகப் படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். கதையின் முடிவைத் தொடாமல் இந்த நாவலைப் பேச முடியாது என்பதால், இன்னும் படிக்காதவர்கள் படித்துவிட்டு வருவது நல்லது.

கலிபோர்னியாவில் சாந்தா தெரசா என்ற கடலோர ஊர். ஊர் கற்பனை, ஆசிரியர் வாழ்ந்த சாந்தா பார்பராதான் அந்தப் பெயரில் வருகிறது. அங்கே மரியா கால்ட்டன் என்ற பணக்கார விதவை இருக்கிறார். வீடு ஏற்காத பெண்ணை மணந்துகொண்டு 1936இல் வெளியேறிய ஒரே மகன் அந்தோணியைப் பற்றி அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்து, கண்ணை மூடுவதற்குள் மகனைப் பார்த்துவிட வேண்டும் என்று அந்த அம்மாள் ஆசைப்பட, குடும்ப வழக்கறிஞர் கார்டன் சேபிள் தனியார் துப்பறிவாளர் லூ ஆர்ச்சரை வரவழைக்கிறார். வழக்கு இவ்வளவுதான். ஆள் கிடைப்பார் என்று யாரும் நம்பவில்லை. கிழவியின் மன அமைதிக்காக ஒரு சடங்கு என்றே எல்லாரும் நினைக்கிறார்கள்.

இந்த வகை நாவலைப் பற்றி வெகுநாளாக எனக்குள் இருக்கும் ஓர் எண்ணத்தை இந்த வாசிப்பு உறுதிப்படுத்தியது. கொலையைத் துப்பறியும் கதையில் ஒரு சடலம் இருக்கிறது. அதைச் சுற்றிச் சந்தேகத்துக்குரியவர்கள் நிற்கிறார்கள். காணாமல் போனவரைத் தேடும் கதையில் முதல் பக்கத்தில் இருப்பது ஒரு காலி இடம் மட்டுமே. அந்தக் காலி இடத்தின் வடிவத்தைத் துப்பறிவாளருக்குச் சொல்ல வேண்டியவர்கள் வீட்டு மனிதர்கள். அவர்களோ, எந்தக் காரணத்தால் அவர் போனாரோ அந்தக் காரணத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொல்கிறார்கள். உயரம் சொல்வார்கள், நிறம் சொல்வார்கள், பழைய புகைப்படத்தைத் துடைத்துக் கொடுப்பார்கள். கடைசியாக அவரிடம் என்ன பேசினார்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். தேடுவதற்குப் பணம் கொடுப்பவரே தேடலுக்குக் குறுக்கே நிற்கிறார் என்பதுதான் இந்த வகை நாவலின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன். மெக்டொனால்ட் இதை எல்லை வரைக்கும் கொண்டுபோகிறார்: ஆர்ச்சரை அமர்த்திய வழக்கறிஞர் சேபிளே சூழ்ச்சியின் நடுவில் இருப்பவர், கதையின் தொடக்கத்தில் அவர் வீட்டு வேலைக்காரனைக் கொன்றவரும் அவரே.

மற்றவர்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

செங்கோட்டை பாசஞ்சர்:

நூலகத்து மாடி அவர்கள் சொல்வதில் முதல் பாதியை ஏற்கிறேன்; நாவலின் கட்டமைப்பில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு.

லூனா பே என்ற இடத்தில் கட்டட வேலைக்காக நிலத்தைத் தோண்டும்போது தலையில்லாத எலும்புக்கூடு கிடைக்கிறது. அது அந்தோணிதான் என்று நிலைநாட்டப்படுகிறது. அதே ஊரில் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன், தன் தந்தை பெயர் ஜான் பிரவுன் என்கிறான். அந்தோணி கவிதை எழுதப் பயன்படுத்திய புனைபெயரும் அதுதான். பாட்டி அவனைப் பேரனாக ஏற்றுக்கொள்கிறார். ஆர்ச்சருக்குச் சந்தேகம் தீரவில்லை. விசாரித்துக்கொண்டே கனடாவுக்குப் போனால், அங்கே அவன் வேறொரு பெயரில் வளர்ந்தவன் என்றும், சொத்துக்காகப் பயிற்சி கொடுத்து அனுப்பப்பட்டவன் என்றும் தெரிகிறது. இத்துடன் முடிந்திருந்தால் அருமையான மோசடிக் கதை. ஆனால் கடைசியில், பேரனாக நடிக்க வந்தவனே உண்மையான பேரன் என்று முடிச்சு அவிழ்கிறது. அது அவனுக்கே தெரியாது. நம் பழைய நாடகங்களில் தோளில் உள்ள மச்சத்தைப் பார்த்துத் தாய் மகனைக் கட்டிக்கொள்வாளே, அந்த இடம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. இவ்வளவு நுணுக்கமான எழுத்தாளர் ஏன் இப்படி ஒரு தற்செயலை நம்பினார் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆனாலும் கனடாவில் உள்ள பிட் என்ற ஊரின் விடுதி வீட்டு அத்தியாயங்கள் மிகச் சிறந்தவை என்பதைச் சொல்லிவிட வேண்டும். வாடகைக்கு அறை விடும் அந்தத் தாய் மகனைப் பற்றிப் பேசும்போது, பயமும் பாசமும் ஒரே வாக்கியத்துக்குள் வருகின்றன. அவருடன் கணவன் என்று வாழ்கிறவனே அந்தோணியைக் கொன்றவன். ஒரு வீட்டுக்குள் இதைவிடப் பெரிய மௌனம் இருக்க முடியாது.

மணிமுத்தாறு:

செங்கோட்டை பாசஞ்சர் தற்செயல் என்று சொல்லும் இடத்தில் நான் வேறொன்றைப் பார்க்கிறேன். அதற்கு ஆசிரியரின் வாழ்க்கையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. வாழ்க்கை வரலாற்றைக் கொண்டு நாவலை விளக்குவது எனக்கு உவப்பான முறை அல்ல. இவர் விஷயத்தில் மட்டும் அது தவிர்க்க முடியாதது.

ராஸ் மெக்டொனால்ட் என்பது புனைபெயர். இயற்பெயர் கென்னத் மில்லர். 1915இல் கலிபோர்னியாவில் லாஸ் கேட்டோஸ் என்ற ஊரில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே கனடாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தந்தை குடும்பத்தைவிட்டுப் போனபோது இவர் சிறு குழந்தை. தாயால் வளர்க்க முடியாமல் ஆறு வயதில் அநாதை விடுதியின் இரும்புக் கதவு வரை கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மகனை அங்கே சேர்க்காமலே திரும்பி வந்தார்கள். அதன் பிறகு உறவினர் வீடு மாற்றி உறவினர் வீடு. பதினாறு வயதுக்குள் தாம் வசித்த அறைகளை எண்ணிப் பார்த்து ஐம்பது என்று அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். ஐம்பது அறைகளிலும் அவர் பிறர் வீட்டுப் பிள்ளை. பிறந்தது கலிபோர்னியா என்பதால் அந்த நிலம் தனக்கு உரியது. வளர்ந்தது ஏழையாகக் கனடாவில் என்பதால் கலிபோர்னியாவில் போய் நின்றால் தான் ஒரு போலி. கனடாவிலிருந்து எல்லை கடந்து வந்து, பணக்கார வீட்டின் வரவேற்பறையில் நின்று, நான்தான் உங்கள் பேரன் என்று பொய் சொல்லும்போதே அது உண்மையாகவும் இருக்கும் அந்த இளைஞன் யார் என்று இப்போது புரிந்திருக்கும். வாசகரை ஏமாற்றுவதற்காகப் போட்ட முடிச்சாக அதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தனக்கு உரிமையானதையே திருடிக்கொண்டு வந்ததுபோல் உணர்பவனின் நிலை அது. இந்த நாவலுக்கு முன் அவர் எழுதிய ஆர்ச்சர் கதைகளையும் பின் எழுதியவற்றையும் வைத்துப் பாருங்கள். 1949இல் தொடங்கி 1976 வரை வந்த பதினெட்டு நாவல்களில் இதுதான் திருப்பம் என்று பலரும் சொல்வதன் காரணம் தெரியும்.

இன்னொன்று. அதே 1959ஆம் ஆண்டில், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவருடைய மகள் காணாமல் போனார். ஒரு வாரத்துக்கும் மேல் தகவல் இல்லை. மில்லர் உண்மையான தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தித் தேடினார். பத்திரிகைகள் வழியாக மகளை வீட்டுக்கு வரும்படி கெஞ்சினார். அந்தப் பெண் நெவாடா மாநிலத்தில் ரீனோ நகரில் கண்டுபிடிக்கப்பட்டார். அதுவரை கதைகளில் ஆர்ச்சருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, எதைச் சொல்வது, எதை விடுவது என்று தடுமாறும் தந்தையரை எழுதிக்கொண்டிருந்தவர், தாமே அந்த நாற்காலியில் உட்கார நேர்ந்தது. அதற்குப் பின் எழுதிய நாவல்களில் காணாமல் போகும் பிள்ளைகள் மேல் ஆர்ச்சர் காட்டும் பரிவை அந்த நாட்களிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. மகள் 1970இல், முப்பத்தொரு வயதில் இறந்துபோனார்.

செங்கோட்டை பாசஞ்சர்:

மணிமுத்தாறு, இந்த விளக்கத்துக்கு நன்றி. பொய் சொல்லும்போதே அது உண்மையாகவும் இருக்கிறது என்று நீங்கள் சொன்ன இடத்தில் என் எதிர்ப்பு பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொள்கிறேன்: ஆசிரியரின் வாழ்க்கை தெரியாத வாசகருக்கும் அந்த முடிவு தன் காலில் நிற்க வேண்டும். அடுத்த முறை படிக்கும்போது அதை மனத்தில் வைத்துப் படிப்பேன்.

எனக்கு வேறொரு கேள்வி. இப்படி ஒரு நாவலைத் தமிழ்நாட்டுக் களத்தில் எழுத முடியுமா? நம் துப்பறியும் கதைகளில் தனியார் துப்பறிவாளர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர்கள் காவல் நிலையத்துக்குள் நுழைந்தால் ஆய்வாளர் எழுந்து கை கொடுக்கிறார். கேட்ட கோப்பு மேசைக்கு வருகிறது. அதில் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை வந்ததில்லை.

கறுப்பு அங்கி:

கேள்விக்கு என் தொழில் சார்ந்து பதில் சொல்ல முடியும் என்பதால் எழுதுகிறேன். மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன்.

நம் நாட்டில் தனியார் துப்பறிவாளருக்கென்று தனிச் சட்டம் இல்லை. 2007இல் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவரப்பட்டது, அது சட்டமாகவில்லை. காவலாளிகளை அனுப்பும் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, துப்பறிவாளருக்கு இல்லை. ஆகவே ஆர்ச்சர் எடுத்துக் காட்டுவதுபோல் உரிம அட்டை எதுவும் நம் ஊர்த் துப்பறிவாளரிடம் இருக்காது. ஒருவருடைய கைப்பேசி அழைப்பு விவரங்களை வாங்கும் அதிகாரமும் அவருக்கு இல்லை. காசு கொடுத்து வாங்கினால் அதுவே குற்றம். சுஜாதா தம் கணேஷை வழக்கறிஞராக வைத்தது எவ்வளவு யோசனையான ஏற்பாடு என்பது இந்தத் தொழிலில் இருந்து பார்த்தால்தான் முழுதாகத் தெரியும். வழக்கறிஞர் என்றால் கட்சிக்காரர் தாமாகவே கதவைத் திறப்பார்.

இப்போது காணாமல் போனவர் விஷயத்துக்கு வருகிறேன். வயதுவந்த ஒருவரைக் காணவில்லை என்று புகார் கொடுத்தால், காவல் நிலையத்தில் முதலில் ரசீது தருவார்கள், அல்லது 'மேன் மிஸ்ஸிங்' என்று எஃப்.ஐ.ஆர். போடுவார்கள். குழந்தை காணவில்லை என்றால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. தேடல் நகரவில்லை என்று தோன்றினால் பலரும் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றத்துக்கு ஓடிவருகிறார்கள். அந்த மனு ஒருவரைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தால் மீட்பதற்கு உரியது. தாமாகவே போய்விட்ட மனிதரைத் தேடித் தருவதற்கு அல்ல. தாமாகப் போனவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. கண்டுபிடித்தாலும், வீட்டுக்கு வர விருப்பமில்லை என்று அவர் சொல்லிவிட்டால் காவல் துறையின் வேலை அத்துடன் முடிந்தது. நாவல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது.

ஏழு ஆண்டுக் கணக்கு எல்லாரும் கேள்விப்பட்டதுதான். ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்குத் தகவல் வந்திருக்க வேண்டுமோ அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாகத் தகவல் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவர் மேல் விழும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 111ஆம் பிரிவு. ஆனால் அவர் எந்த நாளில் இறந்தார் என்று இந்தப் பிரிவு சொல்லாது. எல்.ஐ.சி. தொடர்பான ஒரு வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. இதன் விளைவு என்னவென்றால், கணவர் காணாமல் போன அன்றே இறந்தார் என்று சொல்லிப் பாலிசிப் பணம் கேட்க முடியாது. பாலிசி உயிரோடு இருக்க வேண்டுமானால் அதுவரை பிரீமியம் கட்டிவர வேண்டும். துப்பறியும் நாவலுக்கு இதைவிட நல்ல விதை எனக்குத் தெரியவில்லை. ஏழு ஆண்டுகள் ஒரு தவணையும் தவறாமல் காணாமல் போனவர் பெயரில் பணம் கட்டியவர் யார், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டாலே துப்பறிவாளர் வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். அதிகாரம் எதுவும் இல்லாதவர் என்பதால் அவர் உட்கார்ந்து, பேசி, காத்திருந்து மட்டுமே அறிந்துகொள்ள முடியும். ஆர்ச்சரும் அதைத்தானே செய்கிறார்!

தாழம்பூ:

இவ்வளவு நாளும் படிக்க மட்டுமே செய்துவந்தேன். கறுப்பு அங்கி ஐயா எழுதியதைப் படித்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் சித்தப்பா ஒருநாள் காலையில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவர் திரும்பவில்லை. நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். காவல் நிலையத்தில் அப்பா புகார் எழுதிக் கொடுத்தார். மாநிறம், ஐந்தடி ஆறு அங்குலம், வெள்ளை வேட்டி, நீலக் கட்டம் போட்ட சட்டை, இடது புருவத்தின் மேல் தழும்பு. வீட்டில் தகராறு ஏதாவது உண்டா என்று ஏட்டையா கேட்டபோது, இல்லை என்று அப்பா சொன்னார். முந்தின நாள் இரவு பதினொரு மணி வரை நிலத்தைப் பிரிப்பது பற்றிக் கூடத்தில் நடந்த பேச்சை நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டிருந்தேன். அப்பாவுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நானும் வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு தனியார் துப்பறியும் அலுவலகத்தை ஏற்பாடு செய்தோம். முன்பணம் வாங்கிக்கொண்டு, இரண்டு பக்க அறிக்கை ஒன்றை அனுப்பினார்கள். நாங்கள் சொன்னதையே தட்டச்சு செய்திருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. நாங்கள் சொன்னது அவ்வளவுதான்.

உண்மையில் துப்பு வீட்டிலேயே இருந்தது. சித்தப்பாவின் மூக்குக் கண்ணாடி ஜன்னல் மாடத்தில் இல்லை. பக்கத்தில் வழக்கமாக இருக்கும் இரத்த அழுத்த மாத்திரை அட்டையும் இல்லை. பக்கத்துத் தெருக் கோயிலுக்குப் போகிறவருக்கு மாத்திரை எதற்கு? அதைக் கவனித்தது சித்தி மட்டுமே. சித்தி அதை யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரையை எடுத்துக்கொண்டு போனவர் உயிரோடு இருப்பார் என்ற தெம்பை அவர் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டார். சொல்லிவிட்டால், எதற்காகப் போனார் என்ற அடுத்த கேள்வி வந்துவிடும்.

நூலகத்து மாடி:

தாழம்பூ, இதை எங்களிடம் சொன்னதற்கு நன்றி சொல்கிறேன். மாத்திரை அட்டை என்ற ஒரு பொருள் நான் முதல் பதிவில் பத்து வரியில் சொல்ல முயன்றதைச் சொல்லிவிட்டது.

இதைப் படித்ததும் மெக்டொனால்டின் இன்னொரு நாவல் நினைவுக்கு வந்தது. 1971இல் வெளிவந்த 'தி அண்டர்கிரவுண்ட் மேன்'. அதில் ஸ்டான்லி என்ற இளைஞன், பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேறொரு பெண்ணுடன் போய்விட்டதாகச் சொல்லப்படும் தன் தந்தையைத் தேடுகிறான். சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் தந்தையும் அந்தப் பெண்ணும் இருக்கும் புகைப்படத்தைப் போட்டு, அடையாளம் சொல்பவருக்கு ஆயிரம் டாலர் என்று விளம்பரம் கொடுக்கிறான். தேடித் தேடி மலைமேல் உள்ள குடும்ப வீட்டுக்கு வந்து நிலத்தைத் தோண்டுகிறான், அங்கேயே கொல்லப்படுகிறான். அவன் கையிலிருந்து விழுந்த சுருட்டிலிருந்து பற்றிய நெருப்புதான் நாவல் முழுவதும் சாந்தா தெரசாவை நோக்கி இறங்கிவருகிறது. தந்தை எங்கும் போகவில்லை. அந்த மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறார். ஊரெல்லாம் விளம்பரம் கொடுத்துத் தேடிய மனிதர் தன் வீட்டு நிலத்தில் இருந்தார் என்பதும், அது தெரிந்தவர்கள் அத்தனை ஆண்டுகளாக அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்பதும் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அப்படி ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளையால் வேறு எதையும் தேட முடியாது.

நம் நாளிதழ்களில் வரும் 'காணவில்லை' விளம்பரங்களை நான் இப்போது வேறு கண்ணோடு படிக்கிறேன். 'எங்கிருந்தாலும் உடனே வரவும், யாரும் எதுவும் கேட்க மாட்டோம், அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார்' என்று நான்கு வரி இருக்கும். கேட்க மாட்டோம் என்று சொல்லும்போதே கேட்பதற்கு ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. தமிழில் இந்த நாவலை எழுதப்போகிறவர் அந்த நான்கு வரியிலிருந்து தொடங்கலாம்.

செங்கோட்டை பாசஞ்சர்:

தாழம்பூ அம்மா, கேட்பது தவறென்றால் மன்னிக்கவும். பதில் சொல்லாமலும் விடலாம். உங்கள் சித்தப்பா திரும்பி வந்தாரா? நீங்களும் அப்படி விளம்பரம் கொடுத்தீர்களா?

தாழம்பூ:

தவறில்லை ஐயா. பதினோரு மாதம் கழித்து அவராகவே வந்தார். பழனியில் ஒரு சாப்பாட்டு விடுதியில் கணக்கு எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்.

விளம்பரம் கொடுத்தோம். நான்காவது மாதம். வாசகத்தை அப்பா ஒரு தாளில் எழுதி, எல்லாருக்கும் படித்துக் காட்டினார். கடைசி வரி, 'நிலம் சம்பந்தமாக நீ சொன்னபடியே செய்துவிடலாம்' என்று இருந்தது. நிலத் தகராறு ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும், பெண்ணுக்கு வரன் பார்க்கிற நேரத்தில் இது வேண்டாம் என்று பாட்டி அந்த வரியை எடுக்கச் சொன்னார். அப்பா அதை அடித்துவிட்டுக் கொடுத்தார்.

சித்தப்பா வந்து வெகுநாள் கழித்து, என் திருமணத்துக்கு முந்தின வாரம், பந்தல்காரருக்காகக் காத்திருந்தபோது நானே கேட்டேன். விளம்பரத்தைப் பார்த்தீர்களா என்று. விடுதிக்கு வரும் பத்திரிகையில் அன்றைக்கே பார்த்ததாகச் சொன்னார். கிழித்துச் சட்டைப்பையில் வைத்திருந்ததாகவும், இரண்டு மூன்று நாள் எடுத்து எடுத்துப் படித்ததாகவும் சொன்னார். அதில் என்ன தேடினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பா அடித்த அந்த வரியைப் பற்றி அவருக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை.